வீட்டுக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று

படம் அழகாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு மனுஷனின் மூச்சைக் காவல் காக்கும் வேலையைத் தவறான ஆளிடம் ஒப்படைத்தவன் நான். ஆள் என்றால் ஆள் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் நான் போட்ட லினக்ஸ். லினக்ஸிலும் வீட்டுப் பதிப்பு.

போன வாரம் என் மொட்டைமாடித் தக்காளித் தோட்டத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'இவ்வளவு முட்டாள்தனத்தையும் எப்படி ஐயா தைரியமாக வெளியே சொல்கிறீர்' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது சின்ன முட்டாள்தனம். தக்காளிதான் செத்தது. அதனால் சொல்ல முடிந்தது. இது வேறு. இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அடக்கம் இல்லை, பயம்.

முதலில் நினைவுக்கு வருவது வாழைக்கன்றுகள்தான்.

ஒரு வெள்ளைக் கார். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் வாழைக்கன்று கட்டியிருக்கிறது. நடுவில் செவ்வந்தி மாலை. கண்ணாடியில் அகலமாகச் சந்தனப் பட்டை; அதன் ஓட்டை வழியாகத்தான் டிரைவர் ரோட்டைப் பார்க்கிறார். ஆயுத பூஜை அன்று மத்தியானம், எட்டயபுரம் ரோட்டில் அந்தக் கார் பறக்கிறது. எதிரே வருகிறவர்கள் கல்யாண வண்டி என்று நினைத்து ஒதுங்கி, சிரித்துக் கை காட்டுகிறார்கள்.

பின் சீட்டில் நானும் என் மனைவி ஜோதியும். ஜோதி போனைக் காதிலிருந்து எடுப்பாள், பார்ப்பாள், மறுபடி வைப்பாள்.

“ரிங் போகுது. எடுக்க மாட்டுக்காவ.”

காற்றில் வாழை இலை கிழிந்து கிழிந்து கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அரை மணிக்கு ஒரு ‘நலம்’

எங்கள் அக்காவும் அத்தானும் நாகலாபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. இருக்கிற ஒரே பிள்ளை நான்தான் என்று அக்கா சொல்லுவாள். எனக்குத் தலை நரைத்த பிறகும் சொல்லுகிறாள்.

அத்தான் உழைக்கிற வயதில் பாதியைப் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலையில் கழித்தவர். மீதியைச் சொந்தக் கரிசல் காட்டில் உளுந்து விதைத்துக் கழித்தார். பஞ்சு நுரையீரலில் தங்கிவிட்டது. உளுந்து எங்கும் தங்கவில்லை. சில வருஷங்களாக மூக்கில் குழாயோடு இருக்கிறார். கட்டில் பக்கத்தில் ஒரு மெஷின், அறையில் இருக்கிற காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். கரண்டு இருக்கிறவரை அதற்குக் கவலை இல்லை. எங்கள் பக்கத்துக் கரண்டைப் பற்றி எழுதினால் அது தனித் தொடராகிவிடும்.

கரண்டு போனால் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரில் பாட்டரி தீர்ந்தால் மூலையில் ஒரு சிலிண்டர். ஆனால் தீரப் போகிறது என்று யார் பார்த்துச் சொல்வது? அங்கேதான் நான் உள்ளே நுழைந்தேன்.

வீட்டில் சும்மா கிடந்த என் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அத்தான் கட்டிலருகே வைத்தேன். இன்வெர்ட்டரோடு ஒரு ஒயர் போட்டு இணைத்தேன். கரண்டு இருக்கிறதா, பாட்டரி எவ்வளவு என்று பார்த்து, அரை மணிக்கு ஒரு முறை கோவில்பட்டியில் இருக்கிற என் போனுக்கு ‘நலம்’ என்று அது மெசேஜ் அனுப்பும். கரண்டு போனால் உடனே சொல்லும். பாட்டரி குறைந்தால் அலறும்.

நான் என் அறிவை நினைத்துப் பல நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

மூஞ்சி இல்லாத மெஷின்

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர், யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய சமாச்சாரம். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கலாம். எனக்குத்தான் பார்த்தாலும் தெரியாது. அதில் வீட்டுக்கு ஒரு பதிப்பு, சர்வருக்கு, அதாவது ராத்திரி பகலாக ஆளில்லாமல் ஓடுகிற மெஷினுக்கு, ஒரு பதிப்பு உண்டு. உள்ளே இருக்கும் விதை ஒன்றுதான்.

வீட்டுப் பதிப்பைத் திறந்தால் மலை, ஏரி, விடியற்கால வெளிச்சம் என்று ஒரு படம் வரும். பாட்டு கேட்கலாம், சீட்டாடலாம். எல்லாவற்றுக்கும் ‘செய்யட்டுமா?’ என்று மரியாதையாகக் கேட்கும். சர்வர் பதிப்பைத் திறந்தால் இருட்டு. அந்த இருட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மினுங்கும். அவ்வளவுதான். படம் கிடையாது, பாட்டு கிடையாது. நீங்கள் சரியாக டைப் அடித்தால் செய்யும். தப்பாக அடித்தாலும் செய்துவிடும்.

அந்தக் கறுப்புத் திரையை நான் முதலில் பார்த்தது, பல வருஷங்களுக்கு முன்னால், கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நூற்பாலை ஆபீஸில். பீரோவுக்குப் பின்னால் ஒரு பெட்டி, மானிட்டர்கூட இல்லாமல் உறுமிக்கொண்டே இருக்கும். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினீயரிடம், “இதுக்கு மூஞ்சி எங்க சார்?” என்று கேட்டேன்.

“மூஞ்சி எதுக்கு? இதை யாரும் பார்க்கப்போறதில்லை. வேலை மட்டும் செய்யும்.”

ஒரு நாள் அவர் இல்லாத நேரத்தில் எதையோ சரிசெய்கிறேன் என்று அந்தக் கறுப்புத் திரையில் நான் ஒரு வரி அடித்தேன். ஆபீஸ் முழுக்க வேலை நின்றது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். அன்றிலிருந்து கறுப்புத் திரை என்றால் எனக்குக் கெட்ட கனா.

ஆகவே அத்தானுக்கு எது போடலாம் என்று வந்தபோது, இன்டர்நெட்டில் பத்து பேர் ‘காவல் வேலைக்குச் சர்வர் பதிப்புதான்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, நான் வீட்டுப் பதிப்பைப் போட்டேன். வீட்டில்தானே வைக்கப்போகிறோம்! அதோடு, அந்த ஏரிப் படம் கண்ணுக்குக் குளிர்ச்சி. எங்கள் ஊரில் ஏரியைப் படத்தில்தானே பார்க்க முடியும்.

வீட்டுப் பதிப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. சற்று நேரம் யாரும் அதைத் தொடவில்லை என்றால், ‘சரி, வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள்போல’ என்று தானும் உறங்கிவிடும். சர்வர் பதிப்பு உறங்காது. இது எனக்குத் தெரியாதா? படித்திருக்கிறேன். படித்தது எல்லாம் நினைவில் நிற்குமானால் நான் ஏன் நகைச்சுவைப் பத்தி எழுதப் போகிறேன்.

ஆனால் மாதக்கணக்கில் அது உறங்கவே இல்லை. ஏனென்றால் அத்தான் உறங்கவில்லை. மூச்சுத் திணறுகிறவர்களுக்குப் படுத்தால் முட்டும். மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மவுஸைப் பிடித்துச் சீட்டாடுவார். கண் செருகும், திடுக்கென்று விழிப்பார், ஒரு சீட்டை நகர்த்துவார். பகலும் ராத்திரியும் இதுதான். கம்ப்யூட்டர் அவரைக் காவல் காக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் அதை உறங்கவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

சாவி சாமியிடம்

அன்று மத்தியானம் வடையும் பாயசமும் ஆன பிறகுதான் போனைப் பார்த்தேன். கடைசி ‘நலம்’ வந்து நெடுநேரம் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டரை இங்கிருந்து எழுப்பிப் பார்த்தேன். பதில் இல்லை. உறங்குகிற கம்ப்யூட்டரும் செத்த கம்ப்யூட்டரும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். அக்காவுக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அத்தானுக்குப் போட்டேன். அதுவும் அப்படியே.

“பக்கத்து வீட்டுக்குப் போடுங்க,” என்றாள் ஜோதி.

பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரி புள்ளியோடு மனப்பாடம். எதிர்த்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது.

“அப்போ ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.”

“என்னன்னு சொல்ல? கம்ப்யூட்டர் பேச மாட்டுக்குன்னா?”

வடகிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் மழை என்றால் கரண்டு போயிருக்கும்.

எங்கள் தெருவில் வாடகைக் கார் வைத்திருப்பவர் மாரிச்சாமி அண்ணாச்சி. ஓடினேன். வண்டியைக் குளிப்பாட்டி, வாழை கட்டி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியிருந்தார்.

“சாவி சாமிகிட்ட இருக்கு அண்ணாச்சி. சாயங்காலம்தான் பூசை. அதுக்கு முன்ன வண்டிய எடுக்கப்படாது.”

“எங்க அத்தானுக்கு மூச்சு…” என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு அன்று இரண்டு வார்த்தைக்கு மேல் இல்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு சூடத்தைக் கொளுத்தி, நின்றபடியே ஒரு சுற்றுச் சுற்றி, சாவியோடு வந்தார்.

“ஏறுங்க. மாலையக் கழத்த நேரமில்ல, அப்படியே போவோம்.”

எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தத்தோடு வண்டி கிளம்பியது.

கரிசல் பாதை

பயத்தில் மனசு எங்கெங்கோ போகும். பாட்டரிக்கு எப்போது தண்ணீர் விட்டோம்? ஒயரை எலி கடித்திருக்குமோ? அத்தானிடம் கடைசியாக என்ன பேசினேன்? பருத்தி விலை பேசினோம். ஒரு மனுஷனிடம் கடைசியாகப் பேசியது பருத்தி விலையாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஜோதி போனை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“ஏங்க… மதினி எல்லாத்தையும் பூசையில வைப்பாவளே.”

எங்கள் அக்காவுக்கு ஆயுத பூஜை என்றால் வீட்டில் உழைக்கிற எதுவும் அன்று உழைக்கக்கூடாது. சாமி முன்னால் வைத்துச் சந்தனம் தொட்டு வைத்தால், மறுநாள் காலைப் பூஜை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. அருவாமனை, மிக்ஸி, தையல் மெஷின் எல்லாம் உண்டு. ஒரு வருஷம் அத்தானுடைய மூக்குக் கண்ணாடியையும் வைத்துவிட்டாள். ‘அதுவும் பாவம், வருசம் பூரா ஒழைக்குதுல்லா’ என்றாள். மறுநாள் வரை அத்தான் உலகத்தைக் கலங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம்.

“போன எடுக்க மாட்டுக்காவன்னா, போனு சாமிகிட்ட இருக்கு,” என்றாள் ஜோதி. “கம்ப்யூட்டரு பேசலன்னா அதுவும் சாமிகிட்ட இருக்கு. அப்போ அந்த… ஆக்சிஜன் மெஷினு?”

முன்னால் மாரிச்சாமி அண்ணாச்சி ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தார்.

மழை இறங்கியது. தார் ரோட்டிலிருந்து ஊருக்குள் போகிற பாதை வெறும் கரிசல். காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. வண்டி கொஞ்ச தூரம் வழுக்கிப் போய், டயரெல்லாம் மண் அப்பி, சக்கரமே தெரியாமல் நின்றுவிட்டது.

“இனி நகராது. இறங்கி ஓடுங்க,” என்றார்.

ஜோதியைக் காரிலேயே விட்டுவிட்டு, விடாமல் போன் போடச் சொல்லிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ஒவ்வொரு அடிக்கும் மண் ஒரு சுற்று ஏறியது. ஒரு செருப்பைக் கரிசல் வாங்கிக்கொண்டது. மற்றதை நானே கொடுத்தேன். வேலிக்கருவை முள்மரங்களைத் தாண்டி வீட்டைப் பார்த்தபோது விளக்கு இல்லை. தெருவிலேயே எங்கும் விளக்கு இல்லை.

பூக்குவியல்

கதவைத் திறந்தவள் அக்கா. கையில் கரண்டி.

“ஏலே, வா வா! இந்த மழையில எப்படிலே வந்த? நல்ல நேரத்துல வந்திருக்க, இப்பத்தான் சுண்டல் எறக்குனேன். அய்ய, காலப் பாரு, கழுவிட்டு வாலே.”

“அத்தான் எங்கக்கா?”

“சத்தம் போடாத. அவிய நல்லா ஒறங்குதாவ.” அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “சீட்டு வெளையாட்டு இன்னைக்குக் கெடையாதுன்னு அந்த மவுஸ எடுத்துச் சாமிகிட்ட வச்சிட்டேன். சும்மா சாஞ்சாவ, அப்படியே ஒறங்கிட்டாவ. இப்படி ஒறங்கி எத்தன காலமாச்சி.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ‘இவர் ரொம்ப உறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். ஓடி வாருங்கள்.’ அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று.

மண் காலோடு உள்ளே போனேன். மூன்று தலையணையிலிருந்து சரிந்து, வாய் லேசாகத் திறந்து அத்தான் கிடந்தார். மூக்கில் குழாய் இருந்தது. மெஷினை அக்கா பூஜையில் வைக்கவில்லை. சந்தனப் பொட்டு மட்டும் வைத்திருந்தாள். ஆனால் அதில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. கரண்டு போய், இன்வெர்ட்டர் பாட்டரியும் தீர்ந்திருந்தது. கம்ப்யூட்டர் திரை இருண்டிருந்தது. கரண்டு போவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே, யாரும் தொடவில்லை என்று அது நிம்மதியாக உறங்கிவிட்டது.

உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

தகரக் கூரையில் மழை. அதற்கு நடுவே மெஷினிலிருந்து, கரண்டு நின்றால் கத்துவதற்கென்றே உள்ளே இருக்கும் சின்ன பாட்டரியில், மெலிசாக, சாகப்போகிற கோழிக்குஞ்சுபோல, ஒரு ‘கீ, கீ’. பூஜை மூலையிலிருந்து போன் மணி. இரண்டும் கலந்து கேட்டது.

“அந்தப் போனுதாம்லே ரொம்ப நேரமாக் கத்திக்கிட்டுக் கெடக்கு,” என்றாள் அக்கா. “சாமி முன்னால இருக்கத எப்படித் தொட?”

மெஷின் கத்தியது அவளுக்குக் கேட்காமல் போனது என் போனால்தான். பயந்து பயந்து நான் அடித்த ஒவ்வொரு மணியும் அந்த அலறலை மூடிக்கொண்டிருந்தது.

“அக்கா, அது போனு மட்டும் இல்ல. மெஷினு நின்னு போச்சி. சிலிண்டர் எங்க?”

சிலிண்டர் பூஜையில் இருந்தது. மூன்று பட்டை விபூதியும் உச்சியில் ஒரு செம்பருத்தியுமாகச் சாமிபோலவே நின்றது. அதைத் திறக்க ஒரு சாவி வேண்டும், சின்ன ஸ்பேனர் மாதிரி. அதுவும் பூஜையில். கதிர் அருவாள், மண்வெட்டி, கத்தரிக்கோல், டிராக்டர் ஸ்பேனர்கள், கீபோர்டு, மவுஸ், இரண்டு போன், எல்லாவற்றின் மேலும் ஒரு கூடைப் பூ.

பூவுக்குள் கையை விட்டுத் துழாவினேன். அருவாள் கீறியது. கிடைக்கிறதெல்லாம் டிராக்டர் ஸ்பேனர். தேடியது கிடைக்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

அக்கா என்னை ஒரு தள்ளுத் தள்ளினாள். பூஜைக்கு விரித்திருந்த சிவப்புத் துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. அருவாளும் மண்வெட்டியும் போனும் தரையில் சிதறின. குத்துவிளக்கு ஆடி நின்றது. சிதறியதில் அவள் கண் போன இடத்தில் சாவி கிடந்தது.

“பிடிலே. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

திறந்ததும் ‘ஸ்ஸ்’ என்றது. இத்தனை வயதில் நான் கேட்ட சங்கீதத்தில் அதற்கு மேல் ஒன்று இல்லை. குழாயை மாற்றிப் போட்டுவிட்டு, அத்தான் நெஞ்சைப் பார்த்தபடி இருவரும் தரையில் உட்கார்ந்தோம். ஏறியது. இறங்கியது. அடுத்தது வருமா என்று பார்த்தோம். வந்தது. அக்கா அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, “நான் சந்தோசப்பட்டேனேலே, நான் சந்தோசப்பட்டேனேலே,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன் போட்டதும் விளாத்திகுளத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து, கரிசலில் வர முடியாமல் ரோட்டில் நிற்க, ஊர்க்காரர்கள் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரிந்தது. கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தவர் அவர்தான்.

கறுப்புத் திரை

அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள் நான் அந்த ஏரிப் படத்தை அழித்தேன். சர்வர் பதிப்பைப் போட்டேன். பழைய பயம் போகவில்லை. ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் வாய்விட்டுப் படித்துவிட்டு அடித்தேன். கடைசியில் எல்லாம் ஓய்ந்து, இருட்டு வந்தது. ஓரத்தில் அந்தச் சின்னக் கோடு மினுங்கியது.

“டி.வி. கெட்டுப்போச்சாலே?” என்றாள் அக்கா.

“இல்லக்கா. இனிமே இப்படித்தான்.”

“பாக்கவே பயமா இருக்கே.”

“பயமா இருக்கதுதான் நல்லது.”

பக்கத்து வீட்டு நம்பரையும், எதிர்த்த வீட்டு நம்பரையும் வாங்கிக்கொண்டேன். டாக்டர் சொன்னதையும் அவளிடம் சொன்னேன். அவள் பயந்தாள். பயந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

அத்தான் கட்டிலுக்கு வந்து சேர்ந்ததும், பழையபடி மூன்று தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான் விளக்கத் தொடங்கினேன். வீட்டுப் பதிப்பு எப்படி, சர்வர் பதிப்பு எப்படி. உள்ளே விதை ஒன்றானாலும் குணம் ஏன் வேறு. ஒன்றுக்கு முகம் உண்டு, மற்றதற்கு ஏன் இல்லை. நான் பேசப் பேச அவர் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டு விளையாட்டும் போய்விட்டது என்பது அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

“மொத்தத்துல பழசு செஞ்ச தப்பு என்னன்னா அத்தான்,” என்று முடித்தேன், “ஒறங்கிட்டு. அதான் தப்பு. இது ஒறங்கவே ஒறங்காது.”

அத்தான் இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டார்.

“மூணு வருசத்துல அன்னைக்கு ஒரு நாத்தான் மாப்ளே நான் அசந்து ஒறங்குனது,” என்றார். “அதையும் வந்து கெடுத்துட்ட.”